வாளியில் தொங்கிய மீட்டர்

ஜூன் 3
கழிவுநீர் நிலையம், ஷிப்ட் அறை

மாப்பிள்ளை,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. உன் அக்கா விசாரித்ததாக நீயே நினைத்துக்கொள்.

போனில் பேசலாமே என்பாய். பேசினோமே. போன மாதம், "அறிக்கையில யார் பேரும் வராது அத்தான், நிம்மதியா இருங்க" என்றாய். நேற்று உங்கள் கம்பெனி அறிக்கை வந்தது. பதினொன்றாம் பக்கத்தில் மூக்கண்ணன் பெயர், கீழே உன் கையெழுத்து. அதனால் இனிமேல் எல்லாம் எழுத்தில்தான். எழுதியதைச் சொல்லவே இல்லை என்று நீயும் மழுப்ப முடியாது, நானும் மழுப்ப முடியாது.

ஊர்க் கழிவெல்லாம் வந்து விழுகிற தொட்டி எங்களுடையது. அடியிலிருந்து காற்றை ஊதினால் அதில் இருக்கும் கிருமிகள் உயிரோடு இருந்து அழுக்கைத் தின்னும். காற்று குறைந்தால் அவை செத்துத் தொட்டி கறுத்துவிடும். பதினாறு வருஷமாகக் காற்று ஊதுகிற புளோயரை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்பதைக் கண்ணாலும் மூக்காலும்தான் முடிவு செய்தோம். பம்ப் ஆபரேட்டரை எல்லாரும் மூக்கண்ணன் என்று கூப்பிடுவதே அதனால்தான். தொட்டி ஓரமாக நின்று ஒரு இழுப்பு இழுத்தால் போதும், "காத்து பத்தல, ஏத்துங்க" என்பார். ஈர மண் வாசனை வந்தால் தலையாட்டிவிட்டு நடப்பார்.

ஏப்ரல் கடைசியில் உன் ஆட்டோ பெட்டி வந்தது. மீட்டர் ஆக்சிஜனை அளக்கும், குறைந்தால் பெட்டி காற்றைக் கூட்டும், கூடினால் குறைக்கும், நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள் என்றாய். கையால் மாற்ற முடியாதபடி பூட்டும் போட்டாய். ஒதுங்கி நின்றோம். மூன்றாவது வாரமே தொட்டி கறுத்தது. எங்கேயோ காற்று அடைத்திருக்கிறது என்று வால்வு அறைக்குள் இறங்கிய மூக்கண்ணனைக் கயிறு கட்டித்தான் வெளியே எடுத்தார்கள். விஷவாயு.

அந்த மனிதர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவர் வால்வைத் தப்பாக மூடியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எழுதியிருக்கிறாய். எழுந்து உட்காரவே முடியாதவர் தலையில் கட்டிவிட்டாய். படித்தபோது எனக்குக் குமட்டியது. இந்த வேலையில் எனக்குக் குமட்டுவது லேசில்லை.

28ஆம் தேதி விசாரணை. அதற்கு முன் அந்த வரியை எடு.

அத்தான்


ஜூன் 8

அத்தானுக்கு,

கோபம் புரிகிறது. ஆனால் கோபத்தை வைத்து அறிக்கையைத் திருத்த முடியாது.

நான் மூக்கண்ணன் மேல் பழி போடவில்லை. எண்கள் சொன்னதை எழுதினேன். உங்கள் தொட்டியைப் போல ஒரு தொட்டியைக் கணக்காகக் கட்டுவதுதான் என் வேலை. காற்றை ஒரு படி ஏற்றினால் ஆக்சிஜன் எவ்வளவு நேரம் கழித்து, எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, அந்தக் கணக்குக்குப் பொருந்துகிற மாதிரி பெட்டிக்குப் பழக்கம் சொல்லிக்கொடுப்பேன். அதற்காகத்தான் ஜனவரியில் ஒரு தடவையும் பிப்ரவரியில் ஒரு தடவையும் புளோயரை ஏற்றி இறக்கிச் சோதனை செய்யச் சொன்னேன். உங்கள் தொட்டிக்கு நான் போட்ட கணக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பொருந்தியது. எங்கள் ஆபீஸில் அதை மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள்.

மே மாதம் தொட்டி கறுப்பதற்கு முந்தைய நான்கு நாளும் மீட்டர் என்ன காட்டியது தெரியுமா? தேவைக்கு இரண்டு மடங்கு ஆக்சிஜன். அதனால்தான் பெட்டி காற்றைக் குறைத்துக்கொண்டே போனது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. மீட்டர் பக்கம் காற்று தாராளமாக இருந்து, தொட்டி மட்டும் செத்திருக்கிறது என்றால், மீட்டர் இல்லாத மறுபாதிக்குப் போகிற வால்வை யாரோ மூடியிருக்க வேண்டும். வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அந்த வால்வு அறைக்குள் இறங்குகிற வேலை அவர் ஒருவருடையதுதான்.

மீட்டர் முனையில் அழுக்கு படிந்து தப்பாகக் காட்டியிருக்கலாமோ என்றும் பார்த்தேன். தினமும் காலை ஏழு மணிக்குச் சுத்தம் செய்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது, ஒவ்வொரு நாளும் உங்கள் கையெழுத்தோடு. அதனால் அந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டேன்.

முனை சுத்தமாகத்தானே இருந்தது?

அக்காவிடம் சொல்லுங்கள், நான் அவளுக்குத் தனியாக எழுதுகிறேன் என்று.

இப்படிக்கு,
மச்சான்


ஜூன் 12

மாப்பிள்ளை,

சுத்தமாகத்தான் இருந்தது. அதுதான் விஷயம்.

இரண்டு நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். உன் அக்கா, "என்னங்க, பரீட்சையா எழுதுறீங்க" என்கிறாள். அவளுக்குத் தெரியாது. சொல்லிவிடுகிறேன், நீ நடுவில் குதிக்காமல் படி.

ஜனவரியில் மீட்டர் புதிதாக வந்தபோது ஒழுங்காகத்தான் தொட்டியில் தொங்கவிட்டோம். எட்டு நாள் நானே துடைத்தேன். அந்த முனையில் என்ன வந்து சுற்றும் என்று உங்கள் கையேட்டில் எழுதவில்லை. தலைமுடி, எண்ணெய்ப் பிசுக்கு, குழந்தைக்குத் துடைத்துப் போட்ட காகிதம், பெயர் சொல்ல முடியாத இன்னும் சில. எல்லாம் சேர்ந்து ஒரு வழுவழு உருண்டையாக, கைப்பிடி அளவுக்கு. எட்டாம் நாள் அதை இழுத்தபோது உருண்டை உடைந்து உள்ளே இருந்தது முகத்தில் தெறித்தது. வாயிலும் பட்டது. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அன்று வீட்டுக்குப் போனதும் உன் அக்கா வழக்கம்போல என்னை வாசலில் நிறுத்திக் குளிக்கச் சொன்னாள். மூன்று தடவை சோப்புப் போட்டும் சாப்பாட்டை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

மறுநாள் ஒரு சிவப்பு வாளியை நடைபாலத்தில் வைத்து, தரை கழுவுகிற தண்ணீர்க் குழாயை அதற்குள் திருப்பிவிட்டேன். அது எங்கள் நிலையத்திலேயே சுத்தமாகி வெளியே போகிற தண்ணீர்தான், கடைசித் தொட்டியிலிருந்து வருவது. மீட்டர் முனையை எடுத்து அந்த வாளியில் தொங்கவிட்டேன். அதன்பின் துடைக்கவே வேண்டியதில்லை. தினமும் ஏழு மணிக்குக் கையெழுத்து மட்டும் போட்டேன், விடுமுறை நாளுக்கும் சேர்த்தே.

அப்போது அதில் ஒரு கெடுதலும் இல்லை. மீட்டர் காட்டுவதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. மூக்கைத்தான் நம்பினோம். பிறகு நீ அந்த மீட்டரைத்தான் நம்பினாய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பிப்ரவரிச் சோதனைக்கு நீயே வந்தாயே. சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நாற்பது நிமிஷம் இருந்தாய். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. கழிவு வடிகட்டுகிற அறை வாசலிலேயே வாந்தி எடுத்தாய். நடைபாலத்தில் ஏறவில்லை; ஏறியிருந்தால் வாளி காலில் இடித்திருக்கும். உன் அக்கா காலையிலிருந்து சமைத்து வைத்திருந்தாள், நீ ஓட்டலில் தங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டாய். அத்தான் மேலே வாசனை வருகிறது என்று அவளிடம் போனில் சொன்னாயாம். எண் கேட்டாய், எண்ணைக் கொடுத்தேன். அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

மீட்டர் தொட்டியை அளக்கவில்லை மாப்பிள்ளை. வாளியை அளந்தது. குழாய்த் தண்ணீர் மேலிருந்து விழுந்து நுரைக்கிற வாளியில் ஆக்சிஜனுக்கு என்ன குறை.

அத்தான்


ஜூன் 16

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் பிரிக்காமல் வீட்டில் பிரித்தது என் அதிர்ஷ்டம். படித்ததும் கிழித்துவிட்டேன். இதையும் நீங்கள் அப்படியே செய்யுங்கள்.

கணக்கைத் திரும்பப் பார்த்தேன். நீங்கள் சொல்வது சரிதான். நான் கட்டியது உங்கள் வாளியின் மாடல். பெட்டி வாளியில் ஆக்சிஜன் கூடியிருக்கிறது என்று காற்றைக் குறைத்தது, குறைத்தும் வாளியில் பெரிதாகக் குறையாததால் இன்னும் குறைத்தது. தொட்டி மூச்சுத் திணறிச் செத்தது அதற்குத் தெரியவே தெரியாது.

ஆனால் நிதானமாக யோசியுங்கள். இது வெளியே வந்தால் பொய்க் கையெழுத்துக்கு உங்கள் வேலை போகும். இடத்தைப் பார்க்காமல் மாடல் கட்டியதற்கு என் வேலை போகும். இதே பெட்டியை இன்னும் ஆறு ஊருக்குக் கொடுக்கப் போகிறோம், கம்பெனி விடாது. அக்காவை நினைத்துப் பாருங்கள்.

மூக்கண்ணன் எப்படியும் இனி அந்த வேலைக்குத் திரும்பப் போவதில்லை என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அறிக்கையில் நான் வேண்டுமென்றே என்று எழுதவில்லை, கவனக்குறைவு என்றுதான் எழுதியிருக்கிறேன். அந்த வார்த்தையையும் கொஞ்சம் மென்மையாக்கச் சொல்லிப் பார்க்கிறேன். அவரும் மறுத்து எதுவும் சொல்லவில்லையாமே. யாருக்கும் பெரிய சேதம் இல்லாமல் முடியும்.

வாளியை மட்டும் அப்புறப்படுத்திவிடுங்கள். 28ஆம் தேதி கேட்டால், தினமும் துடைத்தேன் என்று ஒரே வரி.

மச்சான்


ஜூன் 20

உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

நான் தினமும் எதில் நிற்கிறேன் என்று உனக்குத் தெரியும். அதைக் கழுவினால் போய்விடும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு தடவை கை கழுவினேன், ஒன்றும் போகவில்லை. 'பெரிய சேதம் இல்லாமல்' என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

உன்னை மட்டும் திட்டவில்லை. எனக்கும் இருக்கிறது, கேள்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூக்கண்ணன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேச்சு வந்துவிட்டது, மெதுவாக. அவர் மனைவி ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். மூக்கண்ணன் ஒரு சுளையை மூக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார். "வாசனையே வரல தம்பி. டாக்டரு வராதுன்னுட்டாரு" என்றார்.

அவருக்கு வாளி தெரியும் மாப்பிள்ளை. அன்றே பார்த்துவிட்டு, "மீட்டரு வாளியில கெடந்தா அது வாளியத்தானே அளக்கும்" என்று சிரித்தார். ஏப்ரலில் உன் பெட்டி வருவதற்கு முதல் நாள் கூப்பிட்டுக் கேட்டார், "அதைத் திரும்ப தொட்டியில போட்டுட்டீங்களா?" நான் போட்டுவிட்டேன் என்றேன். போடவில்லை. நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று இருந்தேன். பெட்டி வந்தபின் நடைபாலத்தில் என்னைத் தவிர யாரும் ஏறாததால் அவருக்கும் தெரியவில்லை. அந்த உருண்டையை நினைத்தாலே தொண்டைக்கு வந்தது.

தொட்டி கறுத்த அன்று எனக்கு வார விடுமுறை. மீட்டர் தொட்டியில் இருக்கிறது, அது சரியாகத்தான் காட்டும், அப்படியென்றால் வால்வுதான் அடைத்திருக்க வேண்டும் என்று நினைத்து இறங்கியிருக்கிறார். என் வார்த்தையை நம்பி இறங்கினார். அதிகாரிகள் இரண்டு தடவை வந்து கேட்டும் வாளியைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றார்.

28ஆம் தேதி நான் வாளியை எடுத்துக்கொண்டு போகிறேன். உன் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். அவள் உன் பெயரைச் சொல்லி அழுதாள், என் பெயரைச் சொல்லித் திட்டினாள், கடைசியில் எந்தச் சட்டை போடுகிறீர்கள் என்று கேட்டாள்.

ஒரே ஒரு கேள்வி. முதல் எட்டு நாள் மீட்டர் தொட்டியில்தானே இருந்தது? ஜனவரிச் சோதனையும் அப்போதுதானே நடந்தது? அந்த எண்களும் உனக்கு வந்திருக்குமே. அவை என்ன காட்டின?

அத்தான்


ஜூன் 24

அத்தான்,

அந்த எட்டு நாளைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

உங்கள் கேள்வியைப் படித்தபின்தான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே முழுதாகப் புரிந்தது. அல்லது முன்பே புரிந்திருந்ததா, தெரியவில்லை. அந்த எண்கள் பார்க்கவே அசிங்கமாக இருந்தன. ஏறும், இறங்கும், நடுவில் காணாமல் போகும், காலை எட்டு மணிக்கு ஊரே குளித்து முடித்ததும் ஒரேயடியாக விழும். எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. ஒன்பதாம் நாளிலிருந்து வந்தவை நூல் பிடித்த மாதிரி இருந்தன. மீட்டர் இப்போதுதான் நிலைப்பட்டது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, பழையதை வெட்டி 'குப்பை' என்று பெயர் வைத்த கோப்பில் போட்டேன்.

ஜனவரிச் சோதனையில் காற்றை ஏற்றினால் பத்து நிமிஷத்தில் பதில் சொன்ன தொட்டி, பிப்ரவரியில் மூன்று மணி நேரம் கழித்துச் சொன்னது. தண்ணீர் கடைசித் தொட்டிவரை போய்க் குழாய் வழியாக உங்கள் வாளிக்கு வர ஆகிற நேரம் அது. ஒரே தொட்டி. புதிதாக வேலைக்கு வந்தவன்கூட ஏன் என்று கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி அங்கே வந்து, மேலே ஏறிப் பார்க்க வேண்டும். எனக்கு அந்த வாசனை வேண்டாமாக இருந்தது.

நேற்று குப்பைக் கோப்பைத் திறந்து அந்த எட்டு நாளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டேன். என் பெட்டி ஓடினால் உங்கள் தொட்டி இருபது நாளுக்குள் கறுக்கும் என்று வந்தது.

28க்கு என்னால் வர முடியுமா தெரியவில்லை. மேலதிகாரி ஊரில் இல்லை.

மச்சான்


ஜூன் 30

மேலதிகாரி ஊரில் இல்லை. இருந்தால் அவர் தலையில் கட்டியிருப்பாய்.

விசாரணை நடந்தது. வாளியை மேஜை மேல் வைத்தேன். விசாரணைக் குழுத் தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மொதல்ல இதைக் கீழ வைங்க" என்றார். அதில் இருந்தது சுத்தமான தண்ணீர். நான் தொட்ட வாளி என்பதால் பொத்தினார். எல்லாம் சொன்னேன், பதிவேட்டில் போட்ட பொய்க் கையெழுத்து உட்பட. எழுதிக்கொண்டார்கள். அன்றே என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் மூக்கண்ணன் பெயர் இன்னும் அழியவில்லை. உங்கள் கம்பெனி ஆள் எழுந்து, "வாளியில இருந்ததுனாலதான் இப்படி ஆச்சுன்னு இவர் சொல்றாரு, இவருக்குக் கணக்கு தெரியுமா?" என்று கேட்டான். எனக்குத் தெரியாதுதான். தெரிந்தவன் வந்து சொல்லும்வரை வால்வுக் கதை அப்படியே இருக்குமாம். ஜூலை 15க்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். மூக்கண்ணன் மனைவி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். வெளியே வரும்போது என்னைப் பார்க்கவே இல்லை.

நான் நாளைக்குப் புறப்படுகிறேன். என் சித்தப்பா மகன் ஊரில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கேயும் நாற்றம்தான். உன் அக்கா இங்கேயே இருப்பாள், நிலையம் கொடுத்த வீட்டைக் காலி செய்ய ஆறு மாதம் கொடுத்திருக்கிறார்கள்.

எட்டு நாளை என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? என் மனதை ஆற்றவா? அவர்களிடம் சொல். 15ஆம் தேதிவரை எனக்கு எழுதாதே.

அத்தான்


ஜூலை 29
அக்கா வீடு

அத்தான்,

15ஆம் தேதி போனேன். எட்டு நாளையும் கொடுத்தேன், நான் வெட்டிய இடத்தையும் காட்டினேன். இதை ஏன் வெட்டினீர்கள் என்று தலைவர் கேட்டார். அழுக்காக இருந்தது என்றேன். யாரோ சிரித்தார்கள். பதினொன்றாம் பக்கம் ரத்தாகிவிட்டது. மூக்கண்ணனிடம் எழுத்தில் கொடுத்தார்கள், அவர் மனைவி அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொன்னார்.

கம்பெனி என்னை உடனே நீக்கவில்லை. நீயே போய்ச் சரிசெய்துவிட்டு அப்புறம் போ என்றது. அதனால் இரண்டு வாரமாக இங்கே இருக்கிறேன். முதலில் பூட்டை எடுத்தேன். புளோயரை இப்போது கையால்தான் ஓட்டுகிறார்கள். மீட்டரைத் திரும்பத் தொட்டியில் போட்டிருக்கிறேன். தினமும் ஏழு மணிக்கு நான் துடைக்கிறேன். அந்த உருண்டையைப் பற்றி நீங்கள் மிகைப்படுத்துகிறீர்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. முதல் நாள் கையுறைக்குள்ளேயே போய்விட்டது. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போதும் பழகவில்லை, பழகும் என்றும் தோன்றவில்லை. எண்கள் பழையபடி அசிங்கமாக வருகின்றன. ஒன்றையும் வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

அக்கா என்னையும் வாசலிலேயே நிறுத்துகிறாள். "அங்கயே நில்லு. இப்படித்தான் பதினாறு வருஷமா ஒருத்தர் நின்னாரு" என்றாள் முதல் நாள். வாசனை வருகிறது என்று அன்று போனில் நான் சொன்னதை அவள் மறக்கவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கிற தைரியத்தை இன்னும் சேர்க்கவில்லை. இந்தக் கடிதத்தில் உங்களிடமாவது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மூக்கண்ணன் நேற்று வேலையில் சேர்ந்தார். டாக்டர் வேண்டாம் என்றும் கேட்கவில்லை. இறங்குகிற வேலை கிடையாது, ஷிப்ட் அறையில் நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஆனால் இன்று காலையில் அவராகவே நடைபாலத்தில் ஏறி என் பக்கத்தில் வந்து நின்றார். பழக்கத்தில் ஒரு இழுப்பு இழுத்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல தம்பி. நீங்க சொல்லுங்க, என்ன வாசனை?"

நான் முகத்தில் கட்டியிருந்த துணியை இறக்கினேன். குனிந்து இழுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அழுகுன முட்டைண்ணே" என்றேன். "மண் வாசனை கொஞ்சங்கூட இல்ல."

"அப்ப காத்து இன்னும் பத்தல" என்றார். "எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.

மச்சான்